மாலைத்தீவிலிருந்து வந்த மீன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடல் வண்ணமீன் கடையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும்தான். ஆனாலும் பதினாறு வருடமாக உப்புத்தண்ணீர் கலப்பதும், பையில் வரும் மீனைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீருக்குப் பழக்குவதும்தான் என் வேலை.

ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் சொல்லிவைத்ததால் மாலைத்தீவிலிருந்து ஃபேரி ராஸ் என்ற சின்ன வண்ணமீன்கள் இரண்டை வரவழைத்தேன். பில்லில் 'ரூப்ரிஸ்குவாமிஸ்' என்று இருந்தது. அதையே தொட்டியில் எழுதி ஒட்டினேன். இரண்டில் ஒன்று வழியிலேயே செத்துப்போயிருந்தது. உள்ளங்கையில் எடுத்தேன். ஒரு விரல் நீளம் இருக்கும். ரோஜா நிறமும் ஊதாச் சிவப்பும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துக்கொண்டு வந்தன. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் ஒட்டிய பெயர் தப்பு என்று 2022இல்தான் தெரிந்தது. ரூப்ரிஸ்குவாமிஸ் என்பது சாகோஸ் தீவுகளில் பிடித்த ஒரே ஒரு குஞ்சு மீனை வைத்து விவரித்த இனம். அங்கிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் வடக்கே, மாலைத்தீவில் 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனையும் அதுதான் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். வளர்ந்த மீன்களின் நிறம், முதுகுத் துடுப்பு முள்ளின் உயரம், செதில் எண்ணிக்கை, மரபணு எல்லாவற்றையும் ஒப்பிட்டபோது இரண்டும் வேறு என்று தெளிவானது. அகமது நஜீப் என்ற மாலைத்தீவு உயிரியலாளரும் மற்றவர்களும் சேர்ந்து மாலைத்தீவு மீனுக்குச் சிர்ரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா என்று பெயர் வைத்தார்கள். ஃபினிஃபென்மா என்றால் திவேஹி மொழியில் ரோஜா. ஒரு மாலைத்தீவு ஆய்வாளர் புது மீனினம் ஒன்றை விவரித்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கடலின் மீனுக்கு அந்த மண்ணின் சொல்லே பெயராக அமைந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பெயருக்கு முன்னாலேயே அந்த மீன் வியாபாரத்துக்கு வந்துவிட்டது. அதில் எனக்கும் பங்கு உண்டு. ஓர் இனம் தனி என்றே தெரியாதபோது, எத்தனை பிடிக்கிறார்கள், எத்தனை மிச்சம் என்று எப்படிக் கணக்கு வைப்பது? எல்லாம் வேறொரு மீனின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

இது எனக்கு இவ்வளவு உறைப்பதற்கு அம்மாவும் ஒரு காரணம். தோட்டத்துப் பால்மரக்காட்டில் வேலை செய்தவர். கிராணி என்ற தோட்டத்து எழுத்தர் யாரோ ஒருவர் அம்மாவின் பெயரைக் காதில் விழுந்தபடி நெடிலைக் குறிலாக்கி எழுத, அதுவே ஐசி என்ற அடையாள அட்டையிலும் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அம்மா எழுந்திருக்க மாட்டார். நான்தான் தோளைத் தொட்டு, "உங்களைத்தாம்மா" என்பேன்.

ஆய்வுக்கு எடுக்கும் மீனை, நிறம் போவதற்குள் துடுப்பை விரித்துப் படம் பிடிப்பார்கள். ஃபார்மலினில் போடுவதற்கு முன்பே மரபணுச் சோதனைக்குத் துளி சதையை ஆல்கஹாலில் எடுத்துவைப்பார்கள். எந்த மீனை வைத்துப் பெயர் சூட்டினார்களோ அந்த ஒன்றை அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்துவார்கள். எங்கே, எவ்வளவு ஆழத்தில் பிடித்தது என்ற குறிப்பும் கூடவே இருக்கும்.

அந்தக் குறிப்பை நானும் இப்போது விடுவதில்லை. பெட்டி வந்ததும் எந்த ஊர்க் கடல் என்று சப்ளையரிடம் கேட்டு எழுதிக்கொள்கிறேன். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று பக்கத்து மீனின் பெயரை ஒட்டுவதில்லை. போன வாரம் தமிழ்ப்பள்ளிப் பையன் ஒருவன் மூன்றாவது தொட்டியைக் காட்டி, "அண்ணே, இதுக்கு மட்டும் ஏன் ஊர் பேரு போட்டிருக்கீங்க?" என்று கேட்டான்.

"அதோட பேரு சரியாத் தெரியலப்பா. வந்த இடம் மட்டும்தான் தெரியும்" என்றேன்.