ஆறரை மணிக்கு மலையடியில்

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

குழுக் கூட்டம். வந்தது ஒன்பது பேர், வாங்கிய போண்டா இருபது. மதுரை வெயில் கொஞ்சமாவது அடங்குவது மார்கழியை ஒட்டித்தான். மற்ற மாதங்களில் பாறையில் உட்கார்ந்தால் தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரி. அதனால் எங்கள் வரலாற்றுக் குழுவின் வேலையெல்லாம் டிசம்பர், ஜனவரியில் வந்து குவிந்துவிடும். இந்த முறை ஒரு வகுப்பு, சமணர் மலை நடை, கல்வெட்டு எழுத்தைக் காகிதத்தில் ஒற்றிப் படி எடுக்கும் பயிற்சி, கடைசியில் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி மலை. எழுத்து சொல்லித்தர ஐயா இருக்கிறார், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கணக்கு, டீ, வேன் மூன்றும் வழக்கம்போல் என் தலையில்.

முப்பத்தோரு வருடம் ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், தபால் பிரித்தவள் நான். கோழி கிளறிய மாதிரி எழுதியிருந்தாலும் ஊரைக் கண்டுபிடித்துவிடுவேன். வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து மட்டும் மூன்று வருடமாகப் பிடி கொடுக்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

மைக் செட்காரர் வரவில்லை. ஐயாவுக்கு மைக் தேவையும் இல்லை, நாற்பது பேர் வகுப்பை மேய்த்த தொண்டை.

மதுரைப் பக்கத்து மாங்குளம் மலைக் கல்வெட்டுகளைப் பற்றிச் சொன்னார். 1882இல் ராபர்ட் சிவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்ணில் பட்டவை. ஆனால் படித்தவர்களுக்குப் பொருள் பிடிபடவில்லை, எழுத்து பழைய பிராமி என்றால் மொழி வடக்கின் பிராகிருதமாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் வழி மறித்தது. 1924இல் கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர், ற, ன, ழ, ள என்று தமிழுக்கே உரிய எழுத்துகள் இருப்பதைக் காட்டி, இது தமிழ் என்றார். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரும், கணி நந்தி என்ற துறவியின் பெயரும் அந்த வழியில் போய்த்தான் பிறகு வெளியே வந்தன.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், 42 வருடம். விலாசம் தெளிவாக எழுதிய தபால்தான், வேறு ஊர்ப் பையில் போட்டுவிட்டார்கள். எங்கள் ஆபீசில் இப்படி நடந்தால் மெமோ கொடுப்பார்கள்.

டிசம்பர் 10

அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் கூடாதென்று நேற்று சட்டமன்றத்தில் தீர்மானம். 2022இல்தான் அதைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். ஏலம் போன மாதம் முடிந்திருக்கிறது. அந்த ஊர்ப் பயணத்துக்குத் தேதி குறிக்காமல் விட்டிருக்கிறோம்.

டிசம்பர் 14

நேற்று கார்த்திகை தீபம். வாசலில் வைத்த அகல் மூன்றையும் மழை அணைத்தது. நாளைய நடையை ஒரு வாரம் தள்ளிவைத்தோம். வேன்காரரிடம் முன்பணம் திரும்பாது.

டிசம்பர் 22, ஞாயிறு

ஆறரைக்குக் கீழக்குயில்குடி, சமணர் மலையடி. தாமரைக் குளத்தின் மேல் புகை போலப் பனி, ஒலிபெருக்கியில் திருப்பாவை. பெயர் கொடுத்தது முப்பது பேர், வந்தது பதினேழு. தள்ளிவைத்தால் இப்படித்தான் என்று அப்போதே சொன்னேன்.

முதலில் செட்டிப்புடவு என்ற குகை. உள்ளே பெரிதாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை, அதாவது சமண குருவை, ஊர்க்காரர்கள் செட்டியார் என்று நினைத்து வைத்த பெயர். காதைப் பார்த்தால் நினைக்கத்தான் தோன்றும். அப்புறம் பேச்சிப்பள்ளம். பெயர் பேச்சி, உள்ளே வரிசையாக இருப்பதோ சமணத் திருமேனிகள். நம்ம ஊரில் இது சகஜம்.

சிற்பங்களின் கீழே வட்டெழுத்து. நேராக நின்று பார்த்தால் பாறையில் எறும்பு ஊர்ந்த தடம் மாதிரிதான் இருந்தது. ஐயா என் டார்ச்சை வாங்கி, பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். ஒவ்வொரு கீறலிலும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நின்றது. “இப்ப படிங்கம்மா” என்றார். ‘ய’ ஒன்றைப் பிடித்தேன். அதற்கு முன்னால் ‘தா’, பின்னால் ‘ர்’. தாயார்! மீதியை அவர் படித்தார்: “அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி.”

அச்சணந்தி பெயர் ஆனைமலை, கொங்கர்புளியங்குளம், கருங்காலக்குடி, அந்தப் பக்கம் உத்தமபாளையம் வரை இருக்கிறது. ஊர் ஊராகப் போய்த் திருமேனி செய்வித்த துறவி. மகன் வீட்டை விட்டுப் போனவன்தானே, இந்தம்மா என்ன நினைத்துக் கல்தச்சனுக்குக் காசு கொடுத்திருப்பாள்? இதை நான் ஐயாவிடம் கேட்கவில்லை. கேட்டால் அரை மணி நேரம் ஆகும், கீழே பொங்கல் ஆறிவிடும்.

பக்கத்துப் பாறையில் யாரோ பெயிண்டில் இரண்டு பெயரும் நடுவில் ஒரு அம்பும் வரைந்திருந்தார்கள். படிக்க டார்ச் தேவைப்படவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

படி எடுக்கும் பயிற்சி. பாதுகாக்கப்பட்ட மலைகளில் அனுமதியில்லாமல் கை வைக்கக் கூடாது. அதனால் மேலூர்ச் சாலையிலிருந்து பிரிகிற ஊர் ஒன்றில், டீக்கடை பக்கத்தில் நிற்கும் பழைய மைல்கல்லைத் தேர்ந்தெடுத்தோம். போனால் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செவ்வரளி போட்டிருக்கிறது. தம்பி ஒருவன் வாளியும் பிரஷுமாகக் குனிந்தான்.

“எங்க சாமியக் கழுவுறியா?” எதிர் வீட்டு ஆச்சி.

எழுத்து இருக்கிறது, காகிதத்தில் எடுக்கப்போகிறோம் என்று விளக்கியதெல்லாம் எடுபடவில்லை. கடைசியில் நான்தான், “குளிப்பாட்டி, புதுசா மஞ்சள் பூசி விட்டுட்டுப் போறோம் ஆச்சி” என்றேன். “அப்பச் சரி, மஞ்சள் நான் தாரேன்.”

கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த காகிதத்தை ஒட்டி, பிரஷால் தட்டவேண்டும். காகிதம் எழுத்துக் குழிக்குள் இறங்கும்வரை தட்டல்தான், மணிக்கட்டு விட்டுப்போகும். ஈரம் பாதி காய்ந்ததும் துணிப் பொதியில் மை தொட்டு ஒற்றினால் மேடெல்லாம் கறுக்கும், குழி வெள்ளையாக நிற்கும். நான் அவசரப்பட்டு ஈரத்திலேயே ஒற்றினேன். மை ஊறி, காகிதம் முழுக்க அமாவாசை. இரண்டாவது நன்றாக வந்தது.

“மதுரை எ... முழுசா எழுதாம விட்டுட்டாங்களாம்மா?” என்றான் தம்பி. அது எழுத்தில்லை, எண். ௭. மதுரைக்கு ஏழு மைல். ஐயாவுக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன், தபால்காரிக்கு இதுகூடத் தெரியாதா?

டீக்கடைக்காரர் ஒரு படி கேட்டார். கெட்டுப்போன அந்த முதல் படி போதும் என்றார். கொடுக்கவில்லை, வேறு எடுத்துத் தருவதாகச் சொன்னேன்.

ஜனவரி 5, 2025

கணக்கு முடித்தேன். வேன், காகிதம், மை, போண்டா. 340 ரூபாய் கைநஷ்டம். போண்டாவைக் குறைக்கலாம் என்றால் ஒருவரும் கைதூக்கவில்லை.

ஜனவரி 24

சுரங்க ஏலம் நேற்று ரத்து. ஐயா காலையிலேயே போன் செய்தார், ஹலோகூடச் சொல்லாமல் “தேதி குறிங்கம்மா” என்றார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அரிட்டாபட்டி. ஐம்பத்திரண்டு பேர்! இரண்டாவது வேன் பிடிக்க வேண்டியதாயிற்று. குடைவரைச் சிவன் கோயிலில், சிவனின் அவதாரம் என்று சொல்லப்படும் லகுலீசர் சிற்பத்தைச் சுற்றி ஒரே கூட்டம், பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்திருக்கும். ஊர்க்காரர் ஒருவர் எங்களுக்கு முன்னால் நடந்து சுனை சுனையாகக் காட்டிக்கொண்டே வந்தார். பிராமிக் கல்வெட்டருகே ஐந்தாறு பேர் போன் டார்ச்சை நேராக அடித்தார்கள். “பக்கவாட்டுல பிடிங்கப்பா” என்று நான் கத்தியதில் ஐயா திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பும்போது மைல்கல் டீக்கடையில் நிறுத்தி, சொன்னபடி அவருக்கு எடுத்து வைத்திருந்த நல்ல படியைக் கொடுத்தேன். வடை விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். ஆச்சி வந்து பார்த்துவிட்டு, “சாமி படமா?” என்றாள். ஏழு மைல் என்றேன். “அதான், எங்க ஏழுமலையான்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.