கடைசி இதழுக்குப் பிழைதிருத்தம் கிடையாது

மார்ச் 3

பழைய இதழ்க் கட்டைப் பிரித்தாயிற்று. கீபோர்டு வாசிப்பவர்களுக்கென்றே 1980-களின் நடுவில் வந்து, ஓராண்டு நிறைவதற்குள் நின்றுபோன பத்திரிகை. மொத்தம் 9 இதழ், கூடவே 4 ஃப்ளெக்ஸி டிஸ்க் (வளையும் மெல்லிய இசைத்தட்டு).

இந்த வகைப் பத்திரிகைக்கு ஆயுள் கெட்டியில்லை. 'சினாப்ஸ்' 1976-ல் தொடங்கி 1979-ல் முடிந்தது. 'பாலிஃபொனி' 1985-ல் 'எலெக்ட்ரானிக் மியூசிஷியன்' என்று வேறு சட்டை மாட்டிக்கொண்டு பிழைத்தது. நின்று ஆடியது 1975-ல் பிறந்த 'கன்டெம்பரரி கீபோர்டு'தான். 1981-ல் பெயரை வெறும் 'கீபோர்டு' என்று சுருக்கிக்கொண்டு, 2017 வரை தாக்குப்பிடித்து, கடைசியில் அதுவும் 'எலெக்ட்ரானிக் மியூசிஷியன்' இதழோடு கலந்துவிட்டது.

காரணம் தேடி அலைய வேண்டாம். கிட்டார்காரர்கள் எல்லோருக்கும் கையில் இருப்பது ஆறு கம்பி. கீபோர்டு அப்படியில்லை. ஒருவருக்கு ஆர்கன் டிராபார் (ஒலியைக் கூட்டிக் குறைக்க இழுக்கும் தண்டு) எண் வேண்டும், இன்னொருவருக்குப் பியானோ விரலடைவு, மூன்றாமவருக்கு டிஎக்ஸ்7 சிந்தசைசரின் பேட்ச், அதாவது ஒரு ஒலியை அமைக்கும் எண்கள். எந்தப் பக்கத்தை நிரப்பினாலும் மற்ற இருவர் புரட்டிவிட்டுப் போவார்கள்.

இன்றைக்கு இந்த இதழ்களில் கருவி விமர்சனம் காலாவதி, விளம்பரம் வேடிக்கை. இன்னும் வேலை செய்வது பேட்ச் அட்டவணையும் ஃப்ளெக்ஸியும் மட்டும். அட்டவணை என்றாலே அச்சுப்பிழை இருக்கும். பத்திரிகை ஓடும்வரை அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டம் கட்டித் திருத்துவார்கள். கடைசி இதழின் பிழைக்கு அந்தக் கட்டம் வரவே வராது. எண்ணை எண்ணைக் கொண்டே பிடிக்க வேண்டும்.

மார்ச் 4

ஸ்டேப்பிள் துருப்பிடித்திருக்கிறது. விரல் நகத்தால் நெம்பினால் துரு தாளில் இழுபடும். மழுங்கிய கத்தி முனையை நடுப்பக்கத்தில், மடிந்த காலுக்கு அடியில் நுழைத்து நிமிர்த்தி, பின்பக்கமாக உருவுவதே சரி.

பக்கம் எண்ணும்போது ஒரு கணக்கு உதவும். நடுவில் தைத்த இதழில் ஒவ்வொரு தாளும் 4 பக்கம். 64 பக்க இதழில் ஒரே தாளின் ஒரே முகத்தில் அடுத்தடுத்து விழும் இரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 65. 11-ம் பக்கம் இல்லையென்றால் 54-ம் இருக்காது. மறுமுகத்தில் உள்ள 12, 53 இரண்டும் கூடவே போயிருக்கும். ஆறாம் இதழில் இப்படித்தான் ஒரு தாள் காணோம். போனது விளம்பரத் தாள், பாதகமில்லை.

ஸ்கேன்: கட்டுரைக்கு 300 டிபிஐ போதும். பேட்ச் அட்டவணைக்கும் இசைக்குறிப்புக்கும் 600. கறுப்பு-வெள்ளை இரண்டே நிறத்தில் எடுக்கக் கூடாது, சாம்பல் அளவில் எடுக்க வேண்டும். பொடி எழுத்தில் 3-ம் 8-ம், 6-ம் 0-ம் ஒன்றையொன்று வேடம் போடும். இரண்டு நிறமாக்கினால் மை பரவிய 3 நிரந்தரமாக 8 ஆகிவிடும். மெல்லிய தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்தால் மறுபக்க எழுத்து தெரியாது. அச்சுப் புள்ளிகளைக் கரைக்கும் வசதியைப் படங்களுக்கு மட்டும் போடலாம். அட்டவணைக்குப் போட்டால் தசமப்புள்ளியையும் சேர்த்துக் கரைத்துவிடும். 1.00 என்பது 100 ஆகி நிற்பதைப் பார்த்த பிறகுதான் இது உறைக்கும்.

மார்ச் 7

மினிமூக் சிந்தசைசரின் பக்கங்கள். 1970-ல் வந்த அந்தக் கருவிக்கு நினைவகமே கிடையாது. பேட்ச் என்றால் முகப்புப் படத்தில் ஒவ்வொரு நாபிலும் ஒரு கோடு, அவ்வளவுதான். 1978-ல் ப்ராஃபெட்-5 வந்து 40 பேட்ச்களை உள்ளேயே வைத்துக்கொண்ட பிறகும் இந்தப் படங்களுக்குக் கிராக்கி குறையவில்லை.

கோட்டின் கோணத்தை எண்ணாக்க வேண்டும். வழக்கமான நாப் முழுச்சுற்றாகச் சுமார் 300 டிகிரி திரும்பும். கட்ஆஃப் (ஃபில்டர் ஒலியை வெட்டத் தொடங்கும் இடம்) அளவு -5 முதல் +5 வரை, அதாவது 10 பிரிவு; ஒரு பிரிவுக்கு ஏறக்குறைய 30 டிகிரி. படத்தில் கோடு நேர் மேலே இருந்து இடப்பக்கம் 45 டிகிரி சாய்ந்திருந்தால் -1.5. இரண்டு மினிமூக்குகள் ஒரே எண்ணில் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை என்பதால் இதைவிட நுணுக்கமாக அளப்பது வீண்வேலை.

படத்தில் இல்லாத ஒரு சுவிட்ச்தான் ஆளைப் படுத்துகிறது. டிகே சுவிட்ச் மேல் முகப்பில் இல்லை, இடது ஓரம் பிட்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேல் முகப்பை மட்டும் வரைந்த இதழில் அது இடம்பெறாது. அது அணைந்திருந்தால் கையை எடுத்த நொடியே ஒலி வெட்டுப்படும். போட்டால் டிகே நாபின் நேரத்துக்குத் தேய்ந்து அடங்கும். "பித்தளை வாத்தியம்" என்று தலைப்பிட்ட பேட்ச் திக்கித் திக்கி ஒலித்தால் ஃபில்டரைத் திருகுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 8

ஹாமண்ட் பி-3 ஆர்கன் பக்கம், ஒரே மணி நேர வேலை. 9 டிராபார், ஒவ்வொன்றும் 0 முதல் 8 வரை. எண்களை 2-4-3 என்று பிரித்து எழுதுவது மரபு: 88 8000 000. மூன்றாம் இதழில் இடைவெளி விடாமல் ஒட்டி அடித்து, நடுவில் ஒரு சுழியத்தையும் விட்டிருக்கிறார்கள். 8 இலக்கம்தான் நிற்கிறது. நல்லவேளை, ஐந்தாம் இதழில் அதே எண்ணை முழுதாக மறுபடி போட்டிருக்கிறார்கள்.

பெர்கஷன் (சுரத்தின் தொடக்கத்தில் வரும் தட்டல் ஒலி) போட்டால் கடைசி டிராபார் ஊமையாகிவிடும். ஆகவே "பெர்கஷன் ஆன்" என்று போட்டுக் கடைசி எண்ணை 8 என்று கொடுத்திருந்தால், எழுதியவர் பி-3 முன் உட்கார்ந்து எழுதவில்லை.

மார்ச் 11

டிஎக்ஸ்7. கட்டின் பாதி எடை இதுதான். 1983-ல் வந்த இந்த யமஹாவில் 6 ஆபரேட்டர் (அலை உண்டாக்கும் அலகு), 32 அல்காரிதம் (அவற்றை இணைக்கும் முறை), உள்ளே 32 ஒலி. முகப்பில் பொத்தான்களும் ஸ்லைடரும் எண்ணும்தான். நாப் திருப்பிக் காதால் தேடும் பழக்கம் இங்கே செல்லாது. அதனாலேயே பத்திரிகைகளுக்கு இது பொன்முட்டையிடும் வாத்து: மாதம் ஒரு அட்டவணை போட்டால் ஒரு பக்கம் நிறைந்தது.

ஒரு ஒலிக்கு 155 எண். ஆபரேட்டர் ஒன்றுக்கு 21, ஆக 126. பிட்ச் என்வலப்புக்கு (சுருதி நேரத்தோடு மாறும் விதம்) 8. அல்காரிதம், ஃபீட்பேக், ஆசிலேட்டர் சிங்க் என்று 3. எல்எஃப்ஓ-வுக்கு (ஒலியை மெதுவாக ஆட்டும் அலை) 6, பிட்ச் மாடுலேஷன் சென்சிட்டிவிட்டி 1, டிரான்ஸ்போஸ் 1, பெயருக்கு 10 எழுத்து.

முதல் சல்லடை, எல்லை பார்ப்பது. என்வலப்பின் ரேட்டும் லெவலும் 0–99. ஃபீட்பேக் 0–7. கீ வெலாசிட்டி 0–7. ரேட் ஸ்கேலிங் 0–7. ஆம்ப் மாடுலேஷன் 0–3. டிட்யூன் -7 முதல் +7. வெலாசிட்டி இடத்தில் 14 என்று நின்றால் அது ஒற்றைப் பிழையில்லை, பெரும்பாலும் வரிசையே ஒரு கட்டம் தள்ளி விழுந்திருக்கும். இடப்பக்கம் எந்தக் கட்டம் காலி என்று தேடினால் அகப்படும்.

இரண்டாவது சல்லடை, கேரியரின் லெவல் 4, அதாவது என்வலப்பின் கடைசி லெவல். அல்காரிதம் படத்தில் கீழ்வரிசையில் நிற்கும் ஆபரேட்டர்கள்தான் கேரியர், காதுக்கு வருபவை. அவற்றின் லெவல் 4 சுழியமாக இல்லாவிட்டால் கையை எடுத்த பிறகும் ஒலி நிற்காது. மற்றதை ஆட்டும் மாடுலேட்டரில் அது எந்த எண்ணாகவும் இருக்கலாம். இந்த ஒரு விதியிலேயே நான்காம் இதழின் இரண்டு பிழை சிக்கின.

எல்லைக்குள் இருந்துகொண்டே பொய் சொல்லும் எண்கள்தான் பாக்கி.

மார்ச் 12

ஒன்பதாம் இதழ், அதாவது கடைசி. எலெக்ட்ரிக் பியானோ பேட்ச். அல்காரிதம் 5: இரண்டிரண்டாக மூன்று ஜோடி, 2 ஒன்றை ஆட்டும், 4 மூன்றை, 6 ஐந்தை. ஆபரேட்டர் 1 விகிதம் (வாசித்த சுரத்தின் அதிர்வெண்ணுக்கு எத்தனை மடங்கு) 1.00, ஆபரேட்டர் 2 விகிதம் 14.00. அந்த 14 தான் பியானோவின் தொடக்கத்தில் வரும் "டிங்". எல்லாம் முறையாக இருக்கிறது. ஆனால் அடித்துப் பார்த்தால் தகரத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிற சத்தம்.

ஆபரேட்டர் 2-ன் அவுட்புட் லெவல் 85 என்று அச்சாகியிருக்கிறது. எல்லைக்குள்தான் இருக்கிறது, முதல் சல்லடையில் நழுவிவிடும். லெவல் எண் 20-க்கு மேலே ஒரு படிக்குச் சுமார் 0.75 டெசிபெல். 85-க்குப் பதில் 58 என்று வைத்தால் 27 படி, அதாவது 20 டெசிபெல். மாடுலேஷன் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. டிங் டிங்காக வருகிறது. அச்சுக்கோத்தவர் இலக்கத்தை இடம் மாற்றியிருக்கிறார்.

பொதுவாக மாடுலேட்டர் லெவலில் 8 படி என்றால் ஆட்டம் இரட்டிப்பு. ஆகவே 1, 2 பிசகினால் காது கண்டுகொள்ளாது. பத்துக்கு மேல் பிசகினால் பேட்சின் பெயரே பொய்யாகிவிடும். என்வலப் ரேட்டில் இந்தக் கண்டிப்பு இல்லை. 95-க்கும் 96-க்கும் யாரும் சண்டை போட வேண்டியதில்லை.

மார்ச் 13

சரிபார்த்த எண்களை மிடி கோப்பாக்கும் வேலை. கையால் 155 எண்ணைக் கருவியில் அடித்தால் அரைமணி நேரம் போகும், நடுவில் ஒரு பிழையும் விழும். கோப்பு என்றால் 163 பைட்: தலைப்பு 6 (பதினாறடி எண்ணில் எஃப்0 43 00 00 01 1பி), தரவு 155, சரிபார்ப்பு எண் 1, முடிவு எஃப்7.

வழுக்கும் இடங்கள் நான்கு. அச்சில் ஆபரேட்டர் 1 முதலில் வரும், கோப்பில் 6 முதலில் வர வேண்டும். மறந்தால் கேரியரும் மாடுலேட்டரும் இடம் மாறி, ஒலி இரைச்சலாகவோ மௌனமாகவோ போகும். அல்காரிதம் எண்ணில் ஒன்றைக் கழித்து எழுத வேண்டும், அச்சில் 5 என்றால் கோப்பில் 4. டிட்யூனோடு 7 கூட்ட வேண்டும். பிரேக்பாயிண்ட் (கீபோர்டில் ஒலியளவு மாறத் தொடங்கும் சுரம்) ஏ-1 என்றால் 0, அங்கிருந்து அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறி சி3 வரும்போது 39. ஆனால் டிரான்ஸ்போஸில் அதே சி3 என்றால் 24. இரண்டையும் குழப்பினால் பாட்டு வேறு சுருதியில் போகும்.

சரிபார்ப்பு எண்: 155-ஐயும் கூட்டி, 128-ஆல் வகுத்து மீதியை எடுத்து, அதை 128-லிருந்து கழிக்க வேண்டும். மீதி சுழியமாக இருந்தால் விடையும் சுழியம். இந்த எண் தவறினால் ஒலி வந்து சேராது.

அனுப்பியது கருவியின் எடிட் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில்தான் விழும். மெமரி ப்ரொடெக்ட்டை அணைத்துச் சேமிக்காமல் வேறு ஒலிக்குத் தாவினால் போயே போச்சு.

மார்ச் 17

ஃப்ளெக்ஸி. இதழின் முதுகோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், துளையிட்ட ஓரத்தில் கிழித்துக்கொள்ளச் சொல்லி. கையால் கிழித்தால் கிழிசல் பள்ளத்துக்குள் ஓடிவிடும். ஸ்கேல் வைத்துப் பிளேடால் வெட்ட வேண்டும்.

தாள் கனமே உள்ளதால் டர்ன்டேபிளில் நேரே வைத்தால் நெளியும், வழுக்கும். அடியில் மேடுபள்ளமில்லாத ஒரு பழைய எல்பி, மேலே ஃப்ளெக்ஸி. லேபிள் பகுதியில் ஒரு நாணயம் வைத்தால் சுழற்சி பிடிபடும். ஊசியின் எடையை அந்தக் கார்ட்ரிட்ஜுக்குச் சொன்ன அளவின் மேல் விளிம்பில் வைக்கலாம், அதைத் தாண்டக் கூடாது. பள்ளம் ஆழமில்லாததால் ஊசி துள்ளும்.

மடிந்த கோடு இருந்தால் இஸ்திரிப் பெட்டி ஆகாது, சுருங்கிவிடும். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பாரம் வைத்து வாரக்கணக்கில் விட வேண்டும். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி, ஆக மடிப்பின் "டக்" சரியாக 1.8 வினாடிக்கு ஒருமுறை வரும். பதிவில் அதைக் கண்டுபிடித்து நீக்க இந்தக் கணக்கே போதும்.

சுருதி ஊசலாட்டமும் அதே 1.8 வினாடிக்கு வந்தால் நடுத்துளை விலகியிருக்கிறது. 70 மில்லிமீட்டர் ஆரத்தில் அரை மில்லிமீட்டர் விலகல் என்றால் இருபக்கமும் 12 சென்ட் (அரைச்சுரம் ஒன்றுக்கு 100 சென்ட்). பியானோவில் காது கூசும். துளையைச் சற்றே பெரிதாக்கி, ஊசி இருபக்கமும் ஆடாமல் போகும் இடம் வரும்வரை தாளை நகர்த்த வேண்டும். பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். ஒலி மோனோ என்று உறுதியானால் இடமும் வலமும் கூட்டிவிடலாம். மேலும் கீழுமான அசைவிலிருந்து வரும் இரைச்சல் அதிலேயே கழன்றுபோகும்.

மார்ச் 18

கடைசி இதழின் ஃப்ளெக்ஸியில் முதல் துண்டு அந்த எலெக்ட்ரிக் பியானோ. 58 வைத்த கோப்பும் அதுவும் ஒத்துப்போகின்றன. 85 விவகாரம் முடிந்தது.

இரண்டாவது துண்டு ஒரு மணியோசை. இதற்கு அட்டவணையே இல்லை. "அடுத்த இதழில்" என்று போட்டிருக்கிறது.

ஒலி கையில் இருப்பதால் விகிதத்தைத் தோண்டிவிடலாம். நீண்டு ஒலிக்கும் ஒரு சுரத்தின் அலைநிறமாலையைப் பார்த்தால் 220 ஹெர்ட்ஸ், பிறகு 550, 990, மங்கலாக 1320, 1760. எஃப்எம்-ல் (ஒரு அலையால் இன்னொன்றை ஆட்டும் டிஎக்ஸ்7 முறை) பக்கப்பட்டைகள் கேரியரோடு மாடுலேட்டரின் மடங்குகளைக் கூட்டியும் கழித்தும் வரும்; கழித்தது சுழியத்துக்குக் கீழே போனால் குறி நீங்கி ஒலிக்கும். கேரியர் 220 என்றால் 550-ம் 990-ம் முதல் ஜோடி; நடுப்புள்ளி 770, அது 220-ன் 3.5 மடங்கு. இரண்டாம் ஜோடியும் ஒத்து வருகிறது: 1320-க்கும் 1760-க்கும் நடு 1540, சரியாக 7 மடங்கு. ஆக மாடுலேட்டர் 3.50.

டிஎக்ஸ்7-ல் இதைக் கோர்ஸ் (முழு மடங்கு) 3 வைத்துத் தேடினால் அமையாது. ஃபைன் ஒரு படிக்குக் கோர்ஸில் ஒரு சதவீதம் கூட்டும், 3.48-லிருந்து 3.51-க்குத் தாவிவிடும். கோர்ஸ் 2, ஃபைன் 75 என்றால் அச்சாக 3.50.

லெவல்தான் பிடிபடவில்லை. ஃப்ளெக்ஸியில் மேல் அலைகள் மழுங்கியிருப்பதால் அதை ஒத்திட்டு வைத்தால் மாடுலேட்டர் குறைவாக நிற்கும். இப்போதைக்கு 74 வைத்திருக்கிறது. பியானோத் துண்டிலும் இதே மழுங்கல் இருக்கும், அதன் சரியான எண்ணோ கையில் உண்டு. அதைப் பதிவோடு ஒப்பிட்டு, மேலே எத்தனை டெசிபெல் குறைகிறது என்று அளந்து, அதே அளவை இங்கே கூட்டிப் பார்க்க வேண்டும்.