கடைசி வரி ஆற்ற?

எங்களுக்கு இங்கிலிஷ் படிப்பித்த சேரைப் பற்றிக் கல்லூரி மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தா என்று கேட்டார்கள், சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால், ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ எழுதிய ஜே. ஆர். ஆர். டோல்கீனின் மகன் கிறிஸ்தோபர் டோல்கீன் கூடவே வருகிறார். அவருக்கும் எங்கள் கல்லூரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, யாழ்ப்பாணம் என்ற பேரை அவர் கேள்விப்பட்டிருப்பாரோ தெரியாது. ஆனாலும் ஒருவரை விட்டுவிட்டு மற்றவரைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற இங்கிலிஷ் பாடத்தில் பாதி வகுப்பு தூங்கிவிழும். சேர் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தகப்பன் டோல்கீன் எழுதிய ‘ஹொபிட்’ என்ற கதைப் புத்தகத்தை, அட்டை போய்த் தையல் விட்ட ஒன்றை, எடுத்து வாசிப்பார். வாசித்து முடித்ததும் அந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்லுவார். குகைக்குள் விடுகதைப் போட்டி நடக்கிற இடம் வந்த அன்று மணி அடித்தும் ஒருத்தரும் எழும்பவில்லை.

ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பில் படிக்கும்போது கல்லூரி மலருக்கு நான் மாணவ ஆசிரியர். காலமாகிவிட்ட பழைய ஆசிரியர் ஒருவருடைய கவிதை கிடைத்தது. கடைசி வரியைச் செல் அரித்துவிட்டிருந்தது. நான் இரவிரவாக யோசித்து, சந்தம் தட்டாமல் ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட்டேன், நல்ல வரிதான். அச்சகத்திலிருந்து புரூஃப் வந்தபோது சேர் அந்த இடத்தில் பேனையை வைத்துக்கொண்டு, அது யாருடையது என்று கேட்டார்: “தம்பி, கடைசி வரி ஆற்ற?”

“என்ர சேர்.”

“அப்ப உன்ர பேரைப் போடு. இல்லாட்டி வெட்டு.”

வெட்டினேன். அந்த இடத்தில் புள்ளிகள் போட்டு அச்சடித்தோம். அன்று பின்னேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டே, சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்த கதையைச் சொன்னார். தொட்டால் ஓரம் உதிர்கிற ஏடு, புரட்டினால் துண்டு துண்டாய்ப் பறக்கிற ஏடு, அதை வைத்துக்கொண்டு 1887இல் அந்த மனுசன் புத்தகம் போட்டார் என்றார். எனக்கு அப்போது கோபம்தான் மிச்சம்.

அப்புறம் கனடா. ரொறன்ரோவில் கொலிஜ் தெருவில் லிலியன் எச். ஸ்மித் நூலகம் இருக்கிறது, வாசலில் சிறகு வைத்த வெண்கல மிருகங்கள் இரண்டு பக்கமும் நிற்கும். மாடியில் விஞ்ஞானப் புனைகதைக்கும் மிகுபுனைவுக்கும் என்றே மெரில் சேகரிப்பு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இரவு வேலை முடித்த குளிர்காலக் காலைகளில் சூட்டுக்காகவும்தான் அங்கே போய் இருப்பேன். அங்கேதான், தகப்பன் டோல்கீன் கற்பனையில் படைத்த உலகத்தின் கதை வரைவுகளைத் தொகுத்த ‘மத்திய பூமியின் வரலாறு’ என்ற பன்னிரண்டு தொகுதிகளையும் கண்டேன். 1983இல் தொடங்கி 1996இல் முடிந்த வேலை. பதிப்பாசிரியர் கிறிஸ்தோபர் டோல்கீன்.

1924இல் லீட்ஸ் நகரத்தில் பிறந்தவர், ஜே. ஆர். ஆர். டோல்கீனின் மூன்றாவது மகன். நாலைந்து வயதில், தகப்பன் ‘ஹொபிட்’ கதை சொல்லும்போது குறுக்கிட்டு, போன முறை வாசல் கதவு நீலம் என்றீர்கள், இப்போது பச்சை என்கிறீர்கள் என்று பிடித்துக்கொண்டாராம். தகப்பன் முணுமுணுத்துக்கொண்டே எழுந்துபோய் அதைக் குறித்துவைத்தார். புரூஃப் திருத்துகிறவர்கள் பிறவியிலேயே அப்படித்தான் போலிருக்கிறது. பிறகு விமானப்படையில் சேர்ந்து தென்னாபிரிக்காவில் பயிற்சியில் இருந்தபோது, 1944இல், தகப்பன் ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ அத்தியாயங்களை எழுத எழுத அவருக்கு அனுப்பினார். அச்சில் வந்த வரைபடங்களையும் வரைந்தவர் இவர்தான். ஒக்ஸ்போர்ட் நியூ கொலிஜில் பழைய ஆங்கிலம், பழைய ஐஸ்லாந்து மொழி எல்லாம் படிப்பித்தார். ஹைத்ரெக் அரசனின் ‘சாகா’ என்கிற பழைய ஐஸ்லாந்துக் கதையை 1960இல் பதிப்பித்து மொழிபெயர்த்தார். அந்தப் பழைய ஏட்டுப் படிப்பு இல்லாமல் பிறகு செய்த வேலையைச் செய்திருக்கவே முடியாது என்பது என் எண்ணம்.

1973 செப்ரெம்பரில் தகப்பன் இறந்தார். வீட்டில் எழுபது பெட்டி காகிதம். அந்தக் கற்பனை உலகத்தின் பழங்கதைகளான ‘சில்மரில்லியன்’ முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கியது, ஐம்பது அறுபது வருடமாகத் திருப்பித் திருப்பி எழுதி முடியாமலே கிடந்தது. பென்சிலில் எழுதி, அழித்து, அதன்மேலேயே மையால் எழுதிய கதைகளும் அதற்குள் உண்டு. ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ கையெழுத்துப் பிரதிகள் 1957லேயே 1,500 பவுணுக்கு அமெரிக்காவில் மில்வோக்கியின் மார்க்கெட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டன, அவற்றை நகல்களை வைத்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. 1975இல் கிறிஸ்தோபர் பல்கலைக்கழக வேலையையே விட்டுவிட்டுப் பிரான்சுக்குப் போனார். கை கவ்ரியல் கே என்ற கனடிய இளைஞர் உதவிக்கு வந்திருந்தார், இன்று பெரிய நாவலாசிரியர். இரண்டு பேருமாகச் சேர்ந்து தொகுத்த ‘சில்மரில்லியன்’ 1977இல் வந்தது.

நான் இவ்வளவும் எழுதியது பதினோராவது தொகுதியில் வருகிற ஓர் இடத்துக்காக. ‘சில்மரில்லிய’னில் தோரியாத் என்ற காட்டு அரசு அழிகிற அத்தியாயத்தை, 1930க்குப் பிறகு தகப்பன் முழுதாகத் திருப்பி எழுதவே இல்லை. மிஞ்சியது சில குறிப்புகள், அவையும் ஒன்றோடொன்று பொருந்தாது. அதனால் 1977 புத்தகத்துக்காக மகனும் கேயும் அந்தக் கதையைத் தாங்களே கட்டியெழுப்பினார்கள். வாசித்தவர்களுக்குத் தையல் தெரியவில்லை. பதினேழு வருடம் கழித்து, 1994இல், கிறிஸ்தோபர் தானாகவே அச்சில் எழுதுகிறார்: அந்த இடத்தில் பதிப்பாசிரியன் போகக்கூடாத எல்லைக்கு அப்பால் போய்விட்டேன், அன்று நினைத்தது பிழை, அப்படிப் போகாமலே அந்தச் சிக்கலைத் தீர்த்திருக்கலாம், தீர்த்திருக்க வேண்டும் என்று.

அதை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. “கடைசி வரி ஆற்ற?” என்ற குரல் காதில் கேட்டது. கோபம் அன்றைக்குத்தான் போனது. அந்தப் பன்னிரண்டு தொகுதியிலும் கிறிஸ்தோபர் செய்வது அதுதான். எது பென்சில், எது மை, எது முன்னால் எழுதியது, எது பின்னால் என்று சொல்லுவார், ஐயமான சொல்லுக்குக் கேள்விக்குறி வைப்பார், வாசிக்க முடியாத சொல்லுக்குப் புள்ளி வைப்பார். கதைக்காக வருகிறவர்களுக்கு அலுக்கும் என்பது உண்மை. எனக்கு அலுக்கவில்லை.

சேருக்கு இதைக் கடிதத்தில் எழுதினேன். ‘அந்தப் புத்தகம் எனக்குக் கிடைக்காது, நீ வாசி’ என்று ஒரு வரியில் பதில் வந்தது.

கிறிஸ்தோபர் 2018இல் ‘கொண்டோலினின் வீழ்ச்சி’யை வெளியிட்டு, இதுதான் நிச்சயமாகக் கடைசிப் புத்தகம் என்றார். 2020 ஜனவரி 16இல், 95 வயதில், பிரான்சில் காலமானார். சேர் அதற்கு அடுத்த வருடம் போனார்.

சேரின் மகள் எனக்கு மூன்று கொப்பியும் ஒரு கட்டுக் காகிதமும் அனுப்பியிருக்கிறா. பொருளாதாரத் தடைக் காலத்தில் காகிதம் இல்லாமல் பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதியவையும் உண்டு, சில இடங்களில் யாரோ ஒரு பெடியனின் கேத்திரகணிதம் மறுபக்கத்திலிருந்து தெரிகிறது. அதற்குள் 1984 பரிசளிப்பு விழா நாடகத்துக்கு அவர் எழுதிய பாட்டு இருந்தது. இந்த மலரிலேயே போட்டிருக்கிறோம். இரண்டாம் கண்ணியின் மூன்றாவது வரியில் ஒரு சொல்லை ஈரம் கரைத்துவிட்டது. ‘கடலோடி’ என்று வைத்தால் எதுகைக்குப் பொருந்துகிறது, ஆனால் முதலெழுத்து எனக்குத் ‘த’ மாதிரித் தெரிகிறது. புள்ளி வைத்துவிட்டேன். அன்று மேடையில் அந்தப் பாட்டைப் பாடியவர்கள் எட்டுப் பேர், யாருக்காவது ஞாபகம் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.