செஃபலுவுக்குக் குளிக்கப் போனோம்

நான் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்கு வந்து நாலு வருடம். மனைவியும் மகளும் வந்து இரண்டு. இந்த நகரத்தை எனக்கு வேலைக்கு ஏறி இறங்கும் படிக்கட்டுகளாகத்தான் தெரியும். எந்தக் கட்டடத்தில் லிப்ட் இல்லை, எந்த மாடியில் நாய் நிற்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கடல் நடக்கிற தூரத்தில் இருந்தும் அதில் ஒரு நாள் கால் நனைத்ததில்லை. ஓய்வான ஞாயிறு ஒன்று கிடைத்தால் பெல்லெக்ரினோ மலையில் இருக்கும் சாந்தா ரொசாலியா மாதாவிடம் ஏறிவிடுவோம். இங்குள்ள தமிழர்களில் சைவ சமயத்தவரும் அந்த மலைக்கு நேர்த்தி வைத்து நடப்பார்கள். போய்வந்தால் ஞாயிறு முடிந்துவிடும்.

ஆகஸ்டில் இத்தாலியர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார்கள். துடைக்க வீடு இல்லை, மணிக்கணக்குச் சம்பளக்காரருக்குக் காசும் இல்லை. போகும்போது மனைவி துடைக்கிற வீட்டு அம்மா, "செஃபலு கடற்கரை இன்னும் பார்க்கவில்லையா?" என்று கேட்டாவாம். கடலோரத்தில் நல்ல தண்ணீர் ஊறும் கீரிமலைக் கேணி தெரியாத யாழ்ப்பாணத்தாரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வையும் பார்த்தாவாம். அது மனைவிக்குச் சுட்டுவிட்டது.

ரயிலில் ஏறுமுன் டிக்கெட்டை மெஷினில் குத்தினேனா என்று மூன்று தரம் பார்த்தேன். வந்த புதிதில், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டைக் குத்தாமல் ஏறி, ஒரு நாள் கூலியைத் தண்டம் கட்டியவன் நான். கடதாசி டிக்கெட்டில் நேரம் பதிந்தால்தான் அது டிக்கெட், இல்லாவிட்டால் வெறும் கடதாசி. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, தண்டம்தான் சொல்லித் தருகிறது.

கிழக்கே ஒரு மணி நேரம். இடது பக்கம் முழுக்கக் கடல். பிறகு திடீரென்று கரையோரத்தில் ஒரு பெரிய மொட்டைப் பாறை. உயரம் சுமார் 270 மீட்டர். அதற்கும் கடலுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு ஊர். கிரேக்க மொழியில் தலை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாம் பெயர். பார்த்தால் தலைதான்.

தேவாலயம் 1131இல் சிசிலியை ஆண்ட இரண்டாம் ரொஜர் மன்னன் கட்டத் தொடங்கியது. புயலில் தப்பிக் கரை சேர்ந்தால் கோயில் கட்டுகிறேன் என்று நேர்ந்தான் என்பது கதை. நேர்த்தி வைக்கிறவர்கள் எங்கும் ஒரே மாதிரிதான். உள்ளே 1148ஆம் ஆண்டு மொசைக்கில் பெரிய கிறிஸ்து, கையில் விரித்த புத்தகம், ஒரு பக்கம் கிரேக்கம், மறு பக்கம் லத்தீன். "எங்கே நின்றாலும் என்னையே பார்க்கிறார்" என்று மகள் தூணுக்குத் தூண் ஓடினாள். சத்தம் கேட்டு ஆட்கள் திரும்பினார்கள், வெளியே வந்துவிட்டோம்.

தெருவில் இறங்கிப் போகும்போது நிலமட்டத்துக்குக் கீழே ஒரு பழைய சலவைத் துறை. வளைந்த கற்படிகள், கல்தொட்டிகள், சுவரில் 22 இரும்பு வாய்கள். பலவும் சிங்கத் தலைகள். செஃபாலினோ ஆறு அதன் வழியாக வந்து அந்தப் பக்கம் கடலில் சேர்கிறது. இது வெள்ளியிலும் தூயது, பனியிலும் குளிர்ந்தது என்று வாசலில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மனைவி குனிந்து கல்லைத் தடவிக்கொண்டே நின்றா. உடுப்பைத் தேய்க்கச் சரிவாக வெட்டிய இடம், கை பட்டுப் பட்டு வழுவழுத்திருந்தது. "எத்தனை பேற்ற நாரி முறிஞ்சிருக்கும்" என்றா. பிறகு முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டா. பலெர்மோவில் காரத்தண்ணீரில் வெடித்த கைகள் அவை. "இஞ்சாருங்கோ, கீரிமலைத் தண்ணி." பக்கத்தில் உப்புக் கடல், இங்கே வாயில் வைக்கக்கூடிய தண்ணீர். அந்த அம்மா பார்த்த பார்வைக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். அரை மணி நேரம் அவவை அசைக்க முடியவில்லை.

மணலுக்கு வந்தபோது பிற்பகல். என் ஒரு தோளில் துவாய்கள், மற்றதில் பாணும் சம்பலும் வைத்த பை. முதல் குடையைத் தாண்டும்போதே ஒருவர் தலை நிமிராமல் "நோ, கிராட்சியே" என்றார். வேண்டாம், நன்றி. அடுத்த குடையிலும் அதேதான். மூன்றாவதில் ஒரு பெண்ணும் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. இந்தக் கரையில் என் நிறத்தில், தோளில் துவாயோடு வருகிறவன் வியாபாரி. அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள், அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. மகள் பொறுக்கவில்லை. "நாங்கள் விற்க வரவில்லை, குளிக்க வந்தோம்" என்று சுத்த பலெர்மோ உச்சரிப்பில் சொன்னாள். அந்தப் பெண் சிவந்துபோய், தன் செருப்புகளை இழுத்து எங்களுக்கு இடம் விட்டா.

குளித்தோம். தண்ணீர் கண்ணாடி போல, கால்விரல் தெரிந்தது. மனைவி சட்டையோடேயே இறங்கினா.

ஏறி வந்து பாண் பிரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு நிழல். திரும்பாமலே "நோ, கிராட்சியே" என்றேன். மகள் என்னைப் பார்த்த பார்வை! தலையில் அடுக்காகத் தொப்பிகளோடு ஒரு வங்காளதேசத்துப் பொடியன் நின்றான். "ஸ்ரீலங்கா?" என்று சிரித்தான். இருத்திப் பாணும் சம்பலும் கொடுத்தோம். மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டான். பிறகு மனைவி ஒரு தொப்பியை எடுத்தா. பத்து யூரோ என்றான். சம்பல் சாப்பிட்ட வாய் அது, ஐந்துக்கு இறங்கியது.

பிறகு பலெர்மோவின் பல்லாரோ சந்தையில் அதே தொப்பி மூன்று யூரோவுக்குத் தொங்கியது.