மடோனியே மலையில் வெண்காளானைத் தேடி

வழி, செலவு, தங்குமிடம் என்று வரிசையாக எழுதவே எண்ணியிருந்தேன். ஆனால் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மடோனியே மலைப் புல்வெளியில் கண்ட காளானும், அங்கே என்னை ஏற்றிச் சென்ற வாடகைக் கார் ஓட்டுநரும் அந்த வரிசையைக் கலைத்துவிட்டார்கள்.

பலெர்மோவிலிருந்து செஃபாலு வரை ரயிலிலும், அங்கிருந்து காஸ்டெல்புவோனோவுக்குப் பேருந்திலும் சிக்கனமாகவே போய்ச் சேரலாம். அதற்கு மேல், மலைமேலுள்ள பியானோ பத்தாலியா என்னும் இடத்துக்கு ஏறத்தான் வாடகைக் காரைத் தேட வேண்டியிருந்தது. கிளம்பும் முன் பேசிய தொகையை மலையேறியதும் மறந்துவிட்ட ஓட்டுநர், இன்னும் 40 யூரோ கேட்டார். கொடுத்தால் காளான் முளைக்கும் இடத்தைக் காட்டுவதாகவும், பை நிறையப் பறித்துக்கொள்ளலாம் என்றும் ஆசை காட்டினார். கூடுதல் பணம் கேட்டதைவிட இந்தப் பேச்சுதான் எனக்குக் கடுங்கோபத்தை மூட்டியது.

அவர் பை நிறையத் தருவதாகச் சொன்னது புளூரோட்டஸ் நெப்ரோடென்சிஸ் என்னும் வெண்காளான். 1863-இல் இன்சேங்கா என்பவர் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய இந்த இனம், ஆண்டுக்கு 250 முதிர்ந்த காளான்கள்கூடத் தேறுவதில்லை என்ற மதிப்பீட்டின் பேரில், ஐ.யூ.சி.என். என்னும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பிலுள்ள, மிக அருகிய இனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. 1,200 முதல் 2,000 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புப் பாறை மேய்ச்சல் நிலங்களில், கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேரையும் தண்டின் அடியையும் பற்றி இது வளர்கிறது. காட்டுக் காளான் கிலோ 50 யூரோவுக்கும் மேல் விலைபோவதால், அடுத்தவர் கையில் சிக்கும் முன் பறித்துவிட வேண்டும் என்று பிஞ்சாகவே பறித்துவிடுகிறார்கள். பிஞ்சைப் பறித்தால் வித்துகள் காற்றில் பரவ வழியே இல்லை. இந்த மலையைப் பாதுகாக்கும் மடோனியே இயற்கைப் பூங்காவின் மையப் பகுதியில் பறிப்பதற்குத் தடை இருக்கிறது. இருந்தும், இத்தனை பெரிய மலைச்சரிவு முழுவதையும் யார் காவல் காப்பது?

ஓட்டுநரை அனுப்பிவிட்டு, உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் நடந்தேன். கைபேசியில் இடங்காட்டும் வசதியை அணைக்கச் சொன்ன பிறகே அவர் பாதையை விட்டு விலகினார்; அந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காய்ந்த தண்டுகளுக்கிடையே, வெயிலில் மேல்தோல் கட்டம் கட்டமாக வெடித்து, உள்ளங்கை அகலத்தில் அது நின்றிருந்தது. முதிர்ந்த காளான்! மண்ணில் முழங்கால் ஊன்றி, அதன் அடிப்பக்க மடிப்புகளை நெடுநேரம் பார்த்தேன்.

மாலையில் காஸ்டெல்புவோனோவில் அதே இனத்தைப் பண்ணையில் வளர்த்துச் சமைத்துத் தரும் உணவகத்தில் சாப்பிட்டேன். பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் சேர்த்து வாட்டியிருந்தார்கள். இறுகிய சதை, மென்மையான மணம், அற்புதமான சுவை. விலை என் அன்றைய உணவுச் செலவுக் கணக்கை மீறினாலும் மனமுவந்து கொடுத்தேன், ஏனெனில் வெறும் தடையைவிட இந்தப் பண்ணைகளே காட்டுக் காளானைக் காப்பாற்றும் என்பது என் உறுதியான கருத்து. காட்டில் பறித்ததைத் தட்டில் வைக்கும் உணவகத்தில் ஒரு யூரோகூடச் செலவிடாதீர்கள்.

போக விரும்புவோர் வசந்த காலத்தில் போகலாம். காரில் ஏறும் முன் போகவர இரண்டுக்குமான கட்டணத்தைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.