ஐஸ் போடுகிறவன் பார்த்த ஹொக்கி

ஸ்காபரோவில் ஒரு ஐஸ் அரங்கில் எனக்கு வேலை. சம்போனி ஓட்டுகிறவன் என்றால் ரொறன்ரோவில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஊரில் இருக்கிற பெரியம்மாவுக்குத்தான் இன்னும் விளங்கவில்லை. “ஐஸ்பழக் கடையிலோ தம்பி வேலை?” என்று தொலைபேசியில் கேட்பார். கிட்டத்தட்ட அதுதான் பெரியம்மா என்று விட்டுவிடுவேன்.

வேலை என்னவென்றால், ஐஸ் ஹொக்கி ஆட்டம் முடிந்ததும் சம்போனி என்ற இயந்திரத்தை ஓட்டி, கிழிபட்டுக் கிடக்கிற தளத்தின் மேற்பரப்பை மெல்லிசாகச் சீவி, கழுவி, சுடுதண்ணீர் விட்டு மறுபடி உறைய வைப்பது. ஏன் சுடுதண்ணீர் என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். அது கீழே இருக்கிற பழைய ஐஸைக் கொஞ்சம் இளக்கி அதோடு ஒட்டிக்கொள்ளும். காற்றும் குறைவாக இருப்பதால் தளம் கெட்டியாக வரும். கலிபோர்னியாவில் பனித்தளம் நடத்திய பிராங்க் சம்போனி 1949இல் இந்த இயந்திரத்தைச் செய்து முடித்தார். அதற்கு முன் நாலைந்து பேர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மாரடித்த வேலையை இப்போது ஒருவர் பத்து நிமிடத்தில் முடிக்கலாம்.

இந்த வேலையில் நான் படித்தது ஐஸைப் பார்த்து ஆளைச் சொல்வது. ஆறேழு வயதுப் பிள்ளைகள் விளையாடிய தளத்தில் கீறல் ஆழமாக இருக்காது, ஆனால் விழுந்து எழும்பிய இடமெல்லாம் தூள் குவிந்திருக்கும். பதினைந்து, பதினாறு வயதுப் பொடியன்கள் போன பிறகு மூலைகளைப் பார்க்க முடியாது. பக்குக்காக, அதாவது மட்டையால் அடிக்கிற ரப்பர் வட்டுக்காக அடிபட்டு, சடாரென்று நின்று நின்று குதறி வைத்திருப்பார்கள். கோடை காலத்தில் பயிற்சிக்கு வாடகைக்கு எடுத்து வருகிற தொழில்முறை ஆட்டக்காரர்களின் தடம் வேறு: நீளமாக வளைந்து, ஆழமாக, சுத்தமாக வெட்டியிருக்கும். தேவையில்லாத கீறல் குறைவு. கோல் கம்பத்துக்கு முன்னால் மட்டும் எல்லா வயதிலும் ஒரே கதைதான். கோல் காப்பாளர் வந்ததும் முதல் வேலையாக ஸ்கேட்டால் இடமும் வலமும் சுரண்டித் தன் இடத்தைச் சொரசொரப்பாக்கிக்கொள்வார். நாளடைவில் அந்த இடம் பள்ளமாகிவிடும். இயந்திரம் அதைச் சரியாக்காது. தூளைப் போட்டு, தண்ணீர் விட்டுக் கையால்தான் நிரப்ப வேண்டும்.

தொழில்முறை ஹொக்கி என்றதும் ஆட்களுக்கு மில்லியன் கணக்கில் சம்பளம்தான் ஞாபகம் வரும். பொய்யில்லை. 2025-26 பருவத்தில், வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.எச்.எல்.லில் ஆட்டக்காரர் ஒருவரின் ஆகக்குறைந்த ஆண்டுச் சம்பளமே 775,000 அமெரிக்க டொலர். ஆனால் அந்த லீக்கில் இருப்பது 32 அணிகள். ஒரு ஆட்டத்துக்கு அணிக்கு இருபது பேர்தான் உடுப்பு மாட்டலாம். எங்கள் அரங்குக்கு விடியற்காலையில், வானில் வெளிச்சம் வர முன்னம், தூக்கக் கண்ணோடு பையை இழுத்துக்கொண்டு வருகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தக் கதிரை? பெற்றோருக்கும் கணக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிறார்கள். பையன் உண்மையிலேயே கெட்டிக்காரன் என்றால் பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போகவும் வேண்டிவரும். சட்பரியிலோ சூ செயின்ட் மரியிலோ முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு தங்கி, ஒன்ராறியோ ஹொக்கி லீக்கில் ஆடிக்கொண்டே பள்ளிக்கூடமும் போவான். பதினெட்டில் வருவது என்.எச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கிற தேர்வு, அதில் ஏழு சுற்று. அதில் பெயர் வந்தாலும் வேலை கிடைத்த மாதிரி இல்லை, நேர்முகத்துக்குக் கூப்பிட்ட மாதிரி.

எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார்கள். ஒரு அம்மா மகனுடைய ஸ்கேட் கயிற்றைக் கட்ட முழங்காலில் இருந்து, “காலை ஆட்டாதை அப்பன், இறுக்கிக் கட்டாட்டி விழுவாய்” என்று சொல்லும்போது எனக்கு ஒரு சந்தோஷம். விலைப்பட்டியலைப் பார்த்தால் அது கொஞ்சம் இறங்கிவிடும்.

கோடையில் வந்து போகிற ஒருவரோடு எனக்கு நல்ல பழக்கம். பெயர் வேண்டாம். இரண்டாம் நிலை லீக்கான ஏ.எச்.எல்.லில் பல வருடம் ஆடியவர், மேலே போய் ஆடியது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள். ஒருநாள் வாங்கில் இருந்து மட்டைக்குத் துணிப்பட்டி சுற்றிக்கொண்டே தன் ஒப்பந்தத்தை விளக்கினார். ஒரே கடதாசியில் இரண்டு சம்பளம். மேலே இருக்கும் நாட்களுக்கு ஒன்று, கீழே இருக்கும் நாட்களுக்கு அதில் ஒரு சின்னத் துண்டு. மேலே இருந்தால் நாள் கணக்குப் பார்த்துத்தான் காசு ஏறும். ஆகவே யாருக்காவது தோள்மூட்டு நழுவினால் இவருக்கு அழைப்பு வரும், அவர் குணமானால் இவர் திரும்பிப் போக வேண்டும். “அடுத்தவனுக்குக் காயம் என்று கேட்டதும் முதலில் எனக்கு என்ன தோன்றும் என்று நினைக்கிறாய்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பட்டியைப் பல்லால் கிழித்தார். அழைப்பு வந்து மேலே போனாலும் ஓரிரவில் எட்டு, பத்து நிமிடம்தான் ஐஸில். முக்கால் நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு வந்து வாங்கில் இருக்க வேண்டும்.

ஹொக்கியை உண்மையில் ஒரு தொழிலாகச் செய்கிறவர்கள் இவர்கள்தான் என்பது என் எண்ணம். பஸ்ஸில் இரவிரவாகப் போய், இடுப்பில் ஐஸ் கட்டிக்கொண்டு, அடுத்த வருடம் ஜெர்மனியா சுவீடனா என்று யோசிக்கிறவர்கள். நட்சத்திரங்களின் கதை வேறு கணக்கு.

விலக்கும் உண்டு. ஸ்காபரோவில் பிறந்த வேன் சிமண்ட்ஸை 2007இல் லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணி அந்தத் தேர்வில் எடுத்தபோது அவர் 61ஆவது ஆள். ஆயிரம் ஆட்டத்துக்கு மேல் ஆடினார். 2017இல் லீக்கின் நட்சத்திரங்கள் ஆடுகிற ஓல்ஸ்டார் போட்டியின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். எங்கள் பக்கத்து அரங்குகளில் அவர் பெயரைச் சொல்லாத பயிற்றுநர் இல்லை.

ஆனால் என்னைப் போன்ற சம்போனிக்காரர்களிடம் ஆட்கள் கேட்பது டேவிட் அயர்ஸைப் பற்றித்தான். 2020 பெப்ரவரி 22, ரொறன்ரோவில் மேப்பிள் லீஃப்ஸுக்கும் கரோலினா ஹரிக்கேன்ஸுக்கும் ஆட்டம். கரோலினாவின் கோல் காப்பாளர்கள் இருவருக்கும் அடிபட்டுவிட்டது. அப்படியான நேரத்துக்கென்று இரு அணிக்கும் பொதுவாக ஒருவர் அரங்கில் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அன்றைக்கு இருந்தவர் அயர்ஸ்: வயது 42, சம்போனி ஓட்டியவர், 2004இல் தாயிடமிருந்து சிறுநீரகம் பெற்றவர். முதல் இரண்டு அடியும் உள்ளே போனது. அப்புறம் வந்த எட்டையும் தடுத்தார். கரோலினா 6-3 என்று வென்றது.

இதை எல்லாரும் மாயாஜாலக் கதை போலச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லீஃப்ஸின் பயிற்சிகளில் கோல் காத்துக் காத்துப் பழகியவர் அவர். அந்த அணியின் ஆட்டக்காரர்கள் எங்கே அடிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். தேவைப்பட்ட நேரத்தில் ஆயத்தமாக இருந்த ஒரு வேலையாள், அவ்வளவுதான். அவர் கையெழுத்திட்டதோ அமெச்சூர் ஒப்பந்தம். மேலே சொன்ன ஆகக்குறைந்த சம்பளத்தின் வாசனை கூட அதில் இல்லை.

2026-27 பருவத்திலிருந்து ஒவ்வொரு அணியும் இப்படியான மாற்றுக் கோல் காப்பாளர் ஒருவரை முழுநேர வேலைக்கே வைத்துக்கொள்வதாக லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான புதிய ஒப்பந்தம் சொல்கிறது. அண்மையில் தொழில்முறையில் ஆடியவர்களுக்கு அது கிடையாதாம். என்னோடு வேலை செய்கிற பொடியன் ஒருவன், இரவு பத்து மணிக்கு மேல் நடக்கிற பெரியவர்களின் ஆட்டங்களில் காசுக்குக் கோல் காக்கிறவன், பாதி பகிடியாக, “அண்ணை, இதுக்கு எங்கை மனுப் போடுறது?” என்று கேட்டுக்கொண்டு திரிகிறான். மனு கிடக்கட்டும், முதலில் சம்பளம் எவ்வளவென்று கேட்டுப் பார் என்றேன்.