இரண்டாவது ஊசி

ஜூலை 10, 2021, சனிக்கிழமை

இந்த மாதம் 28-ஆம் தேதியிலிருந்து நான் கொரோனா தடுப்பூசியின் இரண்டாவது டோஸ் போட்டுக்கொள்ளலாம். மே 5-ஆம் தேதி கோவிஷீல்டு முதல் டோஸ் போட்டபோது ஆறு வாரம், எட்டு வாரம் என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். மே 13-இல் அதை 12 முதல் 16 வாரம் என்று மாற்றிவிட்டார்கள். அந்த அறிவிப்பைக் கேட்டதும் எனக்குப் பெரிய நிம்மதி. யோசிக்க நேரம் கிடைத்ததே! இப்போது அந்த நேரமும் தீரப்போகிறது. மனதுக்குள்ளேயே போட்டு உருட்டிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைப்பது நல்லது. முதல் டோஸில் அவதிப்பட்டு, அடுத்தது போடுவதா வேண்டாமா என்று முழித்துக்கொண்டிருப்பவர்கள் என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஊசி போட்டது காலை பதினொரு மணிக்கு. மாலை வரை ஒன்றும் இல்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தபோது இரண்டு பாதமும் சில்லிட்டன. அப்புறம் உதறல். மே மாதப் புழுக்கத்தில், ஃபேனை நிறுத்திவிட்டு இரண்டு ஜமுக்காளம் போர்த்தியும் பல் தந்தியடித்தது. கட்டில் கால் தரையில் தட்டுகிற சத்தம் அடுத்த அறையில் படுத்திருந்த அத்தைக்குக் கேட்டிருக்கிறது. எழுந்து வந்து என் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். காய்ச்சல் 103. கஞ்சியும் வாந்தி, விழுங்கிய மாத்திரையும் வாந்தி. விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்ததுதான் தெரியும். விழித்தபோது தரையில் கிடந்தேன். என் வீட்டுக்காரர் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. தலைவலி விடவில்லை. ஒரு வாரத்துக்கு மேல், இரண்டு பொட்டிலும் விண் விண் என்று தெறித்தது. அந்த நேரம் பார்த்து டிவியில், இந்த ஊசியால் சிலருக்கு ரத்தம் உறைகிறது என்ற செய்தி. முகாமில் கொடுத்த நம்பரை யாரும் எடுக்கவில்லை. முழு ஊரடங்கு. இவர்தான் வண்டியில் உட்கார வைத்து லேபுக்கு அழைத்துப் போனார். ரத்தம் உறைய உதவும் தட்டணுவான பிளேட்லெட் 2 லட்சத்து 30 ஆயிரம். டெங்கு பார்த்த ஊர்க்காரர்களுக்கு அந்த எண்ணை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தால் சரி. ஆனாலும் அந்த ராத்திரியை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

ஜூலை 12, திங்கட்கிழமை

நான் கும்பகோணம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். பள்ளி மூடியிருப்பதால் சமையல் இல்லை. அரிசி, பருப்பைப் பெற்றோரை வரவழைத்துக் கொடுக்கிறோம். இன்று எடை போட்டுக்கொண்டே பேசியதெல்லாம் ஊசியைப் பற்றித்தான்.

சமையலர் அக்கா இன்னும் முதல் டோஸே போடவில்லை. ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்ட மறுநாள் மாரடைப்பு வந்து 17-ஆம் தேதி காலமானார் அல்லவா, அன்றிலிருந்து அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். இதயக் குழாயில் அடைப்பு, ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள். அக்கா கேட்பதாக இல்லை. "உங்களுக்கே அப்படி ஆச்சு. மறுபடியும் போறதா வேணாமான்னு யோசிக்கிறீங்களே டீச்சர், இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார்.

தலைமையாசிரியையோ நேர் எதிர். "காய்ச்சல் வந்தா ஊசி நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். நீங்க ஏன் கிடந்து பயப்படுறீங்க?" அப்படியானால் கை வலிகூட இல்லாமல் இரண்டு டோஸும் போட்டு முடித்த என் அத்தைக்கு அது வேலை செய்யவில்லையா? நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் மயங்கி விழுந்தவளிடம் இதெல்லாம் சகஜம் என்று சொன்னால் அவள் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டாள். வேறு எங்கேயாவது, யார் பயமுறுத்துகிறார்களோ அவர்களிடம் போய்க் கேட்பாள். எங்கள் ஊரில் அதுதான் நடக்கிறது.

ராத்திரி சிங்கப்பூரிலிருந்து என் கூடப்பிறந்த அக்காவின் மகன் பேசினான். "சித்தி, ரெண்டாவதுதான் மோசம். இங்க எல்லாரும் ரெண்டாவதுக்குத்தான் லீவு போட்டுட்டுப் படுத்தாங்க." முதலாவதே அப்படி என்றால் இரண்டாவது எப்படி இருக்கும்? தூக்கம் வரவில்லை.

ஜூலை 17, சனிக்கிழமை

தமிழ்நாடு காவல் துறையினரிடம் நடத்திய ஆய்வைப் பற்றிச் செய்தி. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) செய்தது. இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த ஏப்ரல் 13 முதல் மே 14 வரை போலீஸ்காரர்களில் 31 பேர் கொரோனாவில் இறந்திருக்கிறார்கள். ஊசியே போடாதவர்கள் 17,059 பேர். அவர்களில் 20 மரணம். ஒரு டோஸ் போட்டவர்கள் 32,792, 7 மரணம். இரண்டும் போட்டவர்கள் 67,673, 4 மரணம். மரணத்தைத் தடுப்பதில் ஒரு டோஸ் 82 சதவீதம், இரண்டு டோஸ் 95 சதவீதம்.

இவர் படித்துவிட்டு, "ஒண்ணே 82 இருக்குல்ல, போதும் விடு" என்றார். எனக்கும் சட்டென்று அப்படித்தான் தோன்றியது. அப்புறம் கணக்கு நோட்டை எடுத்தேன். பிள்ளைகள் தலைக்கு இத்தனை கிராம் என்று வருஷக்கணக்காகக் கணக்குப் போடுகிறவள் நான். சதவீதத்தைவிட ஆள் கணக்குதான் எனக்குப் பிடிபடும். லட்சம் பேருக்கு என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். ஊசி போடாதவர்களில் 117 மரணம். ஒரு டோஸ் என்றால் 21. இரண்டு டோஸ் என்றால் 6. ஒன்றோடு நிற்பவருக்கும் இரண்டையும் முடித்தவருக்கும் நடுவே மூன்றரை மடங்கு. அதுவும் ஒரே ஒரு மாதக் கணக்கு இது. எங்கள் ஒன்றியத்தில் மே மாதம் ஓர் அமைப்பாளர் கொரோனாவில் போய்விட்டார். என்னைவிட வயதில் சின்னவர்.

இந்தப் பக்கம் கணக்கு தெளிவாக இருக்கிறது. அந்தப் பக்கம், எனக்கு வந்தது எந்த மாதிரி விளைவு என்பதுதான் தெரியவில்லை. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஜூலை 20, செவ்வாய்க்கிழமை

அரசு மருத்துவமனை, பொது மருத்துவப் பிரிவு. சீட்டு வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்னைவிட இளவயது டாக்டரம்மா. ஊசிச் சான்றிதழையும் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தையும் நீட்டினேன். முழுவதும் கேட்டார். நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "எப்போ ஆரம்பிச்சது?"

ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல், தொண்டை அடைப்பு ஏதாவது இருந்ததா? இல்லை. அன்று மாலைக்குள்? இல்லை. "இருந்திருந்தா உங்களுக்கு இந்த ஊசி இனி கிடையாதுன்னு நானே எழுதிக் குடுத்திருப்பேன்மா" என்றார். கடுமையான ஒவ்வாமை என்பது பெரும்பாலும் நிமிஷக் கணக்கில் காட்டிவிடுமாம். நம் நாட்டிலேயே அப்படி இறந்தவர் உண்டு. 68 வயதுக்காரர், மார்ச்சில் ஊசி போட்டவர். ஊசியால் வந்த ஒவ்வாமைதான் காரணம் என்று மத்திய அரசின் குழுவே போன மாதம் ஒப்புக்கொண்டது. டாக்டர் அதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்து தலைவலி. "காய்ச்சலோடயே வந்ததா, இல்ல எல்லாம் சரியாகி நாலஞ்சு நாள் கழிச்சுப் புதுசா வந்ததா?" அன்றைக்கு ராத்திரியே வந்தது என்றேன். ரத்தம் உறையும் அந்த அபூர்வ விளைவு பொதுவாக நாலைந்து நாள் கழித்துத்தான் தலைகாட்டும், பிளேட்லெட்டும் இறங்கிவிடும். தன் பிளேட்லெட்டையே உசுப்பிவிடுகிற எதிர்ப்பொருளை உடம்பு உண்டாக்கிவிடுவதால் ஒரு பக்கம் ரத்தம் கட்டும், இன்னொரு பக்கம் பிளேட்லெட் தீர்ந்துபோகும். இந்தியாவில் ரத்தக்கசிவு, ரத்த உறைவு என்று மே மாதம் அரசு அறிவித்தது 26 பேர். பத்து லட்சம் டோஸுக்கு 0.61. என் காகிதத்தில் 2,30,000-ஐப் பேனாவால் வட்டமிட்டு, "இது அது இல்லம்மா" என்றார்.

மயக்கம்? 103 காய்ச்சலில் வாந்தியும் சேர்ந்து உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. படுத்திருந்தவள் சட்டென்று எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. 

சிங்கப்பூர்க்காரன் சொன்னதைக் கேட்டேன். அவன் சொன்னதும் உண்மைதானாம், ஆனால் அவன் ஊருக்கு. அங்கே போடும் ஃபைசர், மாடர்னாவில் இரண்டாவது டோஸுக்குத்தான் காய்ச்சல் அதிகம். கோவிஷீல்டு வேறு வகை. சிம்பன்சிக்குச் சளி பிடிக்கவைக்கும் வைரஸ் ஒன்றைப் பெருக முடியாதபடி மாற்றி, கொரோனாவின் மேலே முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்துக்கான மரபணுவை அதில் ஏற்றி அனுப்புகிறார்கள். இதில் முதல் டோஸுக்குத்தான் ஆட்டம் அதிகம், இரண்டாவதில் குறைவு என்பது ஆக்ஸ்ஃபோர்டு பரிசோதனைகளிலேயே தெரிந்த விஷயமாம். வயதானவர்களுக்கு இன்னும் குறைவு. அத்தைக்கு ஒன்றும் இல்லாததன் காரணமும் புரிந்தது.

இன்னொரு ஊசியான கோவாக்சினுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். இப்போதைக்கு அனுமதி இல்லை, ஊசிப் பதிவுக்கான கோவின் தளத்திலேயே ஏறாது.

கிளம்பும்போது, "அப்பவே யாராவது இதைப் பதிவு பண்ணாங்களா?" என்றார். இல்லை. ஒரு படிவத்தை எடுத்து, ஊசி போட்ட தேதி, நேரம், தொகுப்பு எண், எப்போது என்ன வந்தது என்று என்னைக் கேட்டுக் கேட்டு எழுதினார். 102-க்கு மேல் காய்ச்சல் என்றால் எழுத வேண்டிய வகைதானாம். இத்தனை நாள் என் வீட்டுக்குள்ளேயே கிடந்த விஷயம் ஒரு கணக்கில் ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை

போடுகிறேன். முடிவு செய்துவிட்டேன்.

இவருக்கு அரை மனது. "மறுபடி அந்த மாதிரி விழுந்தா?" என்கிறார். விழாமல் இருக்க என்ன செய்வது என்று இப்போது தெரியும் என்றேன். அத்தை மட்டும் "டாக்டர் பார்த்துச் சொல்லிட்டாங்கல்ல, அப்புறம் என்ன? நான் கூட இருக்கேன்" என்றார். பள்ளி திறந்தால் நான் சோறு போடப் போவது ஊசியே இல்லாத வயதுப் பிள்ளைகளுக்கு. அதுவும் என் மனதில் இருக்கிறது.

ஜூலை 30, வெள்ளிக்கிழமை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாக் இல்லை. நேற்றும் இல்லை. மனதைத் திடப்படுத்திக்கொண்டு போய்த் திரும்பி வருவது பெரிய வேதனை. கிராம செவிலியர் நம்பர் வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 4, புதன்கிழமை

நேற்று ஆடிப்பெருக்கு. வீட்டிலேயே கும்பிட்டு, கலந்த சாதம் செய்து முடிக்கும்போது செவிலியர் கூப்பிட்டார்: நாளைக்கு வாங்க.

காலையில் நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, இவரோடு போனேன். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. பத்துப் பேர் சேரும்வரை திறக்கவில்லை. திறந்ததும் செவிலியர் குப்பி மேல் நேரத்தை எழுதினார், நாலு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். என் முறை வந்ததும் முதல் டோஸ் கதையை அவரிடமும் சொன்னேன். மருத்துவ அலுவலரை அழைத்து வந்தார். அவர் படிவத்தின் நகலைப் படித்தார். ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசி மேஜையிலேயே இருந்தது. கேட்காமலே எடுத்துக் காட்டினார். அரை மில்லி. எறும்பு கடித்த வலிகூட இல்லை. மற்றவர்களை அரை மணி நேரத்தில் அனுப்பினார்கள், என்னை ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

இப்போது ராத்திரி ஒன்பதரை. தலைமாட்டில் தெர்மாமீட்டர், பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல். பக்கத்தில் பாய் விரித்து அத்தை. காய்ச்சல் 99.6. பாதம் சில்லிடவில்லை.

ஆகஸ்ட் 5, வியாழக்கிழமை

ராத்திரி 100.4 வரை ஏறியது, ஒரு மாத்திரையில் இறங்கிவிட்டது. உதறல் இல்லை, வாந்தி இல்லை. எழும்போது முதலில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து நின்றேன். கை மட்டும் தூக்க முடியவில்லை. இவர் இட்லி ஊற்றினார்.

ஆகஸ்ட் 21, சனிக்கிழமை

இருபது நாள் வரை கவனிக்கச் சொன்னவை: புதிதாக வரும் கடும் தலைவலி, மார்பு வலி, மூச்சுத்திணறல், விடாத வயிற்றுவலி, கால் வீக்கம், கண் மங்கல், ஊசி போட்ட இடம் தவிர வேறு இடத்தில் குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளிகள். தினமும் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 1 முதல் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பள்ளி திறக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் தேதி வரவில்லை.

இன்று அடுத்த தெருப் பெண் ஒருத்தி வந்தாள். "அக்கா, நீங்க போட்டு நல்லா இருக்கீங்கல்ல, நானும் போய் ரெண்டாவது போட்டுக்கிறேன்" என்றாள். உனக்கு முதலில் என்ன ஆச்சு, எப்போ ஆச்சு என்று கேட்டேன். ஊசி போட்டு வீடு வந்து சேர்வதற்குள் முகமெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்ததாம். தனியார் ஆஸ்பத்திரியில் அதற்குச் சிகிச்சை கொடுத்து ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை, புருஷன் வீட்டில் திட்டுவார்கள் என்று பயம்.

நான் போட்டதைப் பார்த்து நீ போடாதே, உனக்கு வந்தது வேறு என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. ஊசியில்லாமல் இருக்கப் பயம், போடவும் பயம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்க ஆரம்பிப்பார்கள். அன்றைக்கு அவளுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதத்தைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நானும் கூடப் போகிறேன்.